பவுடருக்கு ஒரு நியாயம், எஸ்தருக்கு ஒரு நியாயம்

"கையக் காட்டு" என்றார் மேனேஜர்.

எஸ்தர் இரண்டு கைகளையும் நீட்டினாள். அப்போதுதான் தொட்டி கழுவிவிட்டு வந்திருந்தாள். விரல் நுனிகள் குளோரினில் ஊறி, வெளுத்து, சுருங்கிப்போயிருந்தன. மேனேஜர் அந்தக் கைகளைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். வேலை செய்துகொண்டிருந்த மற்ற மூன்று பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"செத்தது ஆறு டேங்க். அதுல மூணு உன்னுது. பாதி. இன்னா சொல்ற?"

"நான் இன்னா சார் பண்ணேன்? எல்லாருக்கும் போட்ற தீனியதான் நானும் போட்டேன்."

"தீனி இல்ல எஸ்தரு. கை. உன் கையில ராசி இல்ல. சனிக்கிழமையோட நின்னுக்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா பெருசு, நீயே சொல்லு. கைராசின்னு ஒண்ணு கீதா இல்லியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது "ஆமாம்" என்று சொன்னதற்குச் சமம். சில வருஷம் ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் அவர் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.

நாலு பேர், இருபத்து நாலு தொட்டி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கினால், சவுக்குத் தோப்பு தாண்டி, தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. இறால் குஞ்சு வளர்க்கிற இடம். கடல் தண்ணீரைக் குழாயில் இழுத்து, வடிகட்டி, சிமெண்டுத் தொட்டிகளில் நிரப்புவார்கள். கண்ணுக்குத் தூசி மாதிரித் தெரிகிற குஞ்சுகள் ஆக்சிஜன் அடைத்த பைகளில் வரும். தொட்டியில் விட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் வளர்த்து, பண்ணைக்காரர்களுக்கு அனுப்புவார்கள். அதை ஒரு சுற்று என்போம்.

இருபத்து நாலு தொட்டி. நாலு பெண்கள். ஆளுக்கு ஆறு. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். குஞ்சு துள்ளினால் சரி. அடியில் சாம்பல் மாதிரி உட்கார்ந்திருந்தால் அந்தத் தொட்டி போய்விட்டது. பக்கத்துத் தொட்டி நன்றாக இருக்கும், இது மட்டும் போயிருக்கும். ஏன் என்று பல நேரம் யாருக்கும் தெரியாது. ஏன் என்று தெரியாத இடத்தில்தான் கைராசி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எஸ்தர் அங்கே ஏழு வருஷம் வேலை செய்தவள். அவள் அப்பாவும் நானும் ஒரே ஊர். செங்கல்பட்டுப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் ஒரே வரிசையில் நாற்று நட்டவர்கள். அந்த உறவில் அவளுக்கு நான் மாமா.

வேலை போவது ஒரு கஷ்டம். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. இந்தக் கடற்கரை நெடுக இதே மாதிரிக் கொட்டகைகள். ஓரிடத்தில் "ராசியில்லாத கை" என்று பேர் வந்தால், மறுநாள் நாஸ்தா கடை வழியாக எல்லா இடத்துக்கும் போய்விடும். அப்புறம் எந்தக் கொட்டகையிலும் அவளைத் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள்.

என் கைக்கு வந்த பேர்

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்ல, என் மருமகள் எழுதுகிறாள். அவள் நடுவில் நிறுத்தி, "மாமா, மேனேஜர் கேட்டதுக்கு நீங்க ஏன் தலைய குனிஞ்சீங்க?" என்று கேட்டாள். அதைச் சொல்லியாக வேண்டும்.

கொட்டகை ஆரம்பித்த புதிதில் நான் குழாய் புதைக்கிற கூலி. முதல் சுற்றில் குஞ்சு விடுகிற நாள், முதலாளி யாரையோ தேடினார். கைக்கு எட்டின தூரத்தில் நான் நின்றேன். "டேய், நீ ஊத்து" என்றார். ஊற்றினேன். அந்தச் சுற்றில் ஒரு தொட்டியும் போகவில்லை. அவ்வளவுதான். மறுசுற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும்.

இத்தனை வருஷத்தில் என் கை ஊற்றி எத்தனையோ தொட்டி செத்திருக்கிறது. அப்போதெல்லாம் தண்ணீர் சரியில்லை என்றார்கள், காற்று சரியில்லை என்றார்கள், எஸ்தர் மாதிரி யாரையாவது சொன்னார்கள். பிழைத்தால் கன்னியப்பன் கை, அதாவது என் கை. செத்தால் வேறு யாரோ. இந்தக் கணக்கில் நான் தோற்க வழியே இல்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

முழங்கால் தேய்ந்து வேறு வேலைக்கு ஆகாதவனான பிறகும், சுற்றுக்கு ஒரு முறை வந்து பையைக் கவிழ்க்கிறதற்காகவே என்னை வைத்திருந்தார்கள். உட்கார நாற்காலி, குடிக்க டீ. "ராசி இல்லை" என்று சொன்னால் அந்த நாற்காலியும் இல்லை. அதனால் குனிந்தேன்.

பவுடர்காரரும் படூர் அம்மாவும்

எஸ்தரைக் கை நீட்டச் சொன்னதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொன்று நடந்தது. அதுதான் எனக்கு வயிறு எரிகிற விஷயம்.

அந்தச் சுற்று ஆரம்பிக்கும் முன்பே ஒரு விற்பனைக்காரர் ஒரு பவுடரைக் கொண்டுவந்திருந்தார். தண்ணீரில் கலந்தால் குஞ்சு சாவது குறையும் என்றார். மேனேஜர் படித்தவர், ஏமாற மாட்டார். படூரில் அடுக்குமாடியில் இருந்த நிர்மலா அம்மாவை வரவழைத்தார். காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து, பன்னிரண்டு தொட்டிக்குப் பவுடர் போடலாம், பன்னிரண்டுக்கு வேண்டாம் என்றார். எந்தப் பன்னிரண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார். விற்பனைக்காரர் நிழலான மூலைத் தொட்டிகளைக் கேட்டார். அந்த அம்மா தரவில்லை.

அந்தச் சுற்று முடிந்தது. ஆறு தொட்டி போயிருந்தது. பவுடர் போட்டதில் இரண்டு, போடாததில் நாலு.

"பாருங்க சார், பாதிக்குப் பாதி" என்றார் விற்பனைக்காரர்.

அந்த அம்மா எங்களைக் கரைக்கு அனுப்பி, ஒரே அளவு மட்டிச் சிப்பி இருபத்து நாலு பொறுக்கிவரச் சொன்னார். பன்னிரண்டில் மார்க்கரால் கோடு போட்டார். அது பவுடர் போட்ட தொட்டி. எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டார்.

"இப்ப ஒண்ணு வச்சுக்குவோம். பவுடர் எதுவுமே செய்யல. சாகப்போற ஆறு தொட்டி எப்படியும் செத்திருக்கும். அது எந்தப் பக்கம் விழுதுங்கிறது சும்மா விழுறதுதான். அப்படின்னா என்ன நடக்கும்னு பார்ப்போம். கண்ண மூடிட்டு ஆறு எடுங்க ஐயா."

நான்தான் எடுத்தேன். கோடு போட்டது எத்தனை என்று எண்ணினார். திரும்ப வாளியில் போட்டுக் கலக்கினார். மறுபடி எடுத்தேன். இருபது தடவை. அதில் ஏழு தடவை, கோடு போட்டது இரண்டோ அதற்குக் குறைவாகவோ வந்தது.

"பவுடரே இல்லாம, வெறும் சிப்பியிலயே மூணுக்கு ஒரு தடவை இப்படி வருது. இத வச்சு பவுடர் வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்றது? இருபதுக்கு ஒரு தடவைகூட வராத அளவுக்கு வித்தியாசம் இருந்தாதான் ஒத்துக்கறதுன்னு முதல்லயே பேசி வச்சோம், இல்லையா?"

"அப்ப பவுடரு வேலை செய்யாதுன்னு ப்ரூவ் ஆயிடுச்சா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்ல. வேலை செய்யுதுன்னு சொல்ல ஆதாரம் போதலை. அவ்வளவுதான். ரெண்டும் வேற வேற."

இதற்குப் பாடத்தில் கருதுகோள் சோதனை என்று பேராம். பேர் பெரிசு. விஷயம் வாளிதான். முதலில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள். அப்படி வைத்தால் இது எத்தனை முறை தானாக நடக்கும் என்று பார். அடிக்கடி நடந்தால் வாயை மூடு.

மேனேஜருக்கு ஏக சந்தோஷம். "ஆதாரம் இல்லாம நான் எத்தயும் நம்பமாட்டேன்" என்று விற்பனைக்காரரை அனுப்பிவைத்தார்.

முழங்கால் தைலம்

அன்று வீட்டுக்கு வந்து என் தைலத்தைப் பார்த்தேன். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் வாங்கினது. அந்த மாதிரித் தைலம் உலகத்தில் இல்லை என்று பல பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

யோசித்தேன். நான் எப்போது தேய்க்கிறேன்? வலி தாங்க முடியாத அன்று. அதற்கு மேல் வலி ஏற இடம் இல்லை, இறங்கத்தான் வேண்டும். இறங்குகிறது. தைலத்துக்குப் பேர் வந்துவிடுகிறது. தேய்க்காமல் ஒரு தடவையாவது இருந்து பார்த்தேனா? இல்லை.

மருமகளிடம் சொன்னேன். "அதுக்கின்னா இப்ப? வாசன நல்லாதான கீது" என்றாள். அதுவும் சரிதான். தைலத்தை இன்னும் தேய்க்கிறேன். பேரை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

வாளியில் நாலு பேர்

மறுபடி அந்தக் கைகளுக்கு வருகிறேன்.

எஸ்தர் கையை மடக்கிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு தன் தொட்டிக்குப் போனாள். அழவில்லை. குவளையில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள். "மாமா, உனுக்கு அப்டிதான் தோணுதா?"

நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதே ஆறு தொட்டி. பவுடர் கணக்கில் எண்ணின அதே ஆறு. நாலுக்கு இரண்டு என்று பவுடர்காரன் சொன்னபோது "ஆதாரம் இல்லை" என்றார் மேனேஜர். ஆறில் மூன்று எஸ்தருக்கு என்றபோது "கை" என்கிறார். ஒரு டப்பா பவுடரை நம்ப இருபது தடவை சிப்பி எடுக்கிறதைப் பார்த்த மனுஷர், ஒரு பெண்ணைத் துரத்த ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வாளியை எடுத்தேன். பழைய கோடுகளை மண்ணெண்ணெய் போட்டு அழித்தேன். எழுத்து எனக்கு வராது, அதனால் கோடுதான். எஸ்தருக்கு ஆறு சிப்பியில் ஒரு கோடு. செல்விக்கும் மற்ற இரண்டு பேருக்கும் இரண்டு, மூன்று, நாலு. கலக்கினேன். கண்ணை மூடி ஆறு எடுத்தேன். நாற்பது தடவை. எஸ்தருக்கு மூன்றோ அதற்கு மேலோ வந்தது ஐந்து தடவை.

எனக்கு மனசு விட்டுப்போனது. ஐந்துதானே. குறைச்சல் மாதிரி இருந்தது. படூர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எட்டுக்கு ஒண்ணு" என்றார். "பவுடருக்கு வச்ச இருபதுக்கு ஒண்ணையே அது தாண்டலை ஐயா. ஆனா நீங்க எண்ணினதுலயே ஒரு தப்பு இருக்கு. சுத்து ஆரம்பிக்கும்போது எஸ்தர் மேல யாருக்காவது சந்தேகம் இருந்துச்சா?"

"இல்லம்மா."

"செல்விக்கு மூணு போயிருந்தா?"

"செல்விய நிறுத்தியிருப்பாரு."

"அப்ப எஸ்தரை மட்டும் ஏன் எண்ணறீங்க? அவர் முதல்ல அம்பு விட்டுட்டு, விழுந்த இடத்துல போய் வட்டம் போடறார். நாலு பேர்ல யாருக்காவது மூணு வருதான்னு எண்ணுங்க."

மறுபடி நாற்பது தடவை எடுத்தேன். இருபத்திரண்டு தடவை யாரோ ஒருத்திக்கு மூன்றோ அதற்கு மேலோ வந்தது. சிப்பிக்கு ஏது ராசி? இரண்டு சுற்றுக்கு ஒரு முறை யாராவது ஒரு பெண் இப்படிக் கை நீட்டி நிற்க வேண்டியிருக்கும். கொஞ்ச வருஷத்தில் கடற்கரையில் நல்ல கை ஒன்றும் மிஞ்சாது.

மேனேஜர் கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை வாளியோடு போய் மேனேஜர் மேஜை மேல் வைத்தேன். நிர்மலா அம்மாவும் வந்திருந்தார். எல்லாம் சொன்னோம். மேனேஜரையே எடுக்கச் சொன்னோம். முதல் தடவையே செல்விக்கு மூன்று வந்தது. அவர் சிப்பிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எஸ்தரு மேல தப்பு இல்லன்னு ப்ரூவ் ஆயிடுச்சா?"

"இல்ல" என்றார் அந்த அம்மா. பொய் சொல்லத் தெரியாதவர். "தப்பு இருக்குன்னு சொல்ல உங்ககிட்ட ஒண்ணுமில்ல. அதான்."

"அப்ப எனுக்கு இன்னாத்துக்கு ரிஸ்க்கு? வேலைக்கு ஆளா இல்ல?"

அதுவரை அந்த ரூமில் நான் சத்தம் போட்டுப் பேசினதில்லை.

"பவுடர வேணாம்னு சொன்னீங்க. பவுடரு அழுதுகினா போச்சு? தப்பா அனுப்பியிருந்தா ஒரு டப்பாதான் போச்சு. இவ எங்க சார் போவா? வேற எந்த கொட்டாயில சேப்பாங்க? ரெண்டு தப்பும் ஒரே எடையா?"

மேனேஜர் சிரித்தார். "சரி பெருசு. கைராசியே இல்லன்ற. அப்ப உன் கை? அதுக்குத்தான உன்ன வெச்சிகினு கீறோம்?"

அதை அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என் கையயும் போட்டுப் பாரு சார்" என்றேன். "அடுத்த சுத்துல பன்னெண்டு நான் ஊத்தறேன். பன்னெண்டு எஸ்தரு ஊத்தட்டும். எது யாருதுன்னு சீட்டு போட்டு எடுக்கலாம். சுத்து முடியற வரிக்கும் உனுக்குச் சொல்லமாட்டோம். அதுவரிக்கும் அவ வேலைல கை வெக்காத."

"எல்லை அதே இருபதுக்கு ஒண்ணு" என்றார் நிர்மலா அம்மா. "முடிஞ்சப்புறம் மாத்தக்கூடாது."

மேனேஜர் ஒத்துக்கொண்டார். தோற்பது நான் என்றோ எஸ்தர் என்றோ நினைத்திருப்பார். எப்படியும் அவருக்கு நஷ்டம் இல்லை.

நாலும் ஒன்றும்

அந்த மூன்று வாரத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஊற்றியிருக்கிறேன், அன்றைக்குத்தான் பை கனத்தது. எஸ்தர் பக்கத்தில் நின்று ஊற்றினாள். "நடுங்காத மாமா, கீழ சிந்திடப் போவுது" என்றாள். பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

சுற்று முடிந்தது. ஐந்து தொட்டி போயிருந்தது. நிர்மலா அம்மா பூட்டி வைத்திருந்த சீட்டைப் பிரித்தார்.

என் தொட்டியில் நாலு. எஸ்தர் தொட்டியில் ஒன்று.

பொய் சொல்லமாட்டேன், வலித்தது. ராசி இல்லை என்று வாளியை வைத்து நிரூபிக்கப்போனவன்தான் நான். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில், என் கை மட்டும் விசேஷம் என்று ஒரு நினைப்பு உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த அம்மா வாளியைக் கொண்டுவரச் சொல்லி, பன்னிரண்டு எனக்கு, பன்னிரண்டு எஸ்தருக்கு என்று கோடு மாற்றி, ஐந்து ஐந்தாக மறுபடி எடுக்கவைத்தார். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று, அல்லது ஐந்துமே ஒரே பக்கம். மூன்று தடவைக்கு ஒரு தடவை அப்படித்தான் வந்தது. "எல்லையைத் தாண்டலை. ரெண்டு கைக்கும் வித்தியாசம்னு இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்தேன். தலையெல்லாம் ஆட்டினார். சாயங்காலத்துக்குள் அவர் வாயாலேயே கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. பெருசு கை போயிடுச்சி. எஸ்தருக்குத்தான் கைராசி.

கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் எந்தக் கை ஆகாது என்று அவளை நிற்கவைத்தாரோ, அதே கை. நடுவில் மாறினது என்ன? ஒன்றுமே மாறவில்லை. சிப்பி வேறு பக்கம் விழுந்தது. படித்த மனுஷர், கண்ணெதிரே வாளியைக் கலக்கிக் காட்டியும், வாளிக்குள்ளிருந்து மறுபடி ஒரு ராசியைத்தான் எடுத்தார்.

என்னை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சுற்றுக்குக் குஞ்சு வந்த அன்று, கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பைகள் ஈரமாக வரிசையில் கிடந்தன. மேனேஜர் எஸ்தரைக் கூப்பிட்டார். நான் உட்காருகிற நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள்.

"வா எஸ்தரு. இனிமே எல்லா டேங்கும் நீதான் ஊத்தணும்."

எஸ்தர் வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை.

"வேணாம் சார்."

"இன்னா வேணாம்?"

"ராசி வேணாம். இன்னிக்கி நான் ஊத்தறேன்னு வெச்சிக்க. மூணு டேங்கு போவும். போவாம இருக்குமா? மறுநாளு திரும்ப கையக் காட்டுன்னு என்னதான் கூப்டுவ. நான் ஆறு டேங்கு பாத்துக்கற வேலைக்கு வந்தவ. அந்த ஆறயும் நான் ஊத்திக்கிறேன். செல்வி ஆற செல்வி ஊத்தட்டும். அவங்கவங்களுது அவங்கவங்க."

செல்வி அதற்குள் தன் பையைத் தூக்கிவிட்டிருந்தாள். மற்ற இரண்டு பேரும் எழுந்தார்கள்.

மேனேஜர் கையில் பைக் கணக்குச் சீட்டை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப டேங்கு போனா நான் யாரத்தான் கேக்கறது?"

"தண்ணிய கேளு சார்" என்றாள் எஸ்தர், பையின் வாயை அவிழ்த்துக்கொண்டே. "குழாய கேளு. வடிகட்டிய கழுவி எத்தினி நாளாச்சுன்னு கேளு. எல்லாத்தயும் கேட்டு முடிச்சிட்டு, அப்பறமா எங்கிட்ட வா."